கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கட்டுவது எளிதன்று. கூரையை மாற்றும்போது மழை பெய்யாமலிருக்க வேண்டும். அடுப்பும் ஒருநாள்கூட அணையக் கூடாது. உலகத்திலுள்ள பெரிய பாங்குகளும், இன்ஷியூரன்ஸ் கம்பெனிகளும், சர்க்கார் இலாகாக்களும் இன்று இத்தகைய சங்கடத்தில் இருக்கின்றன. அவற்றின் வரவு செலவுகளை நடத்திவருபவை மெயின்பிரேம் என்னும் பெரிய கம்ப்யூட்டர் யந்திரங்கள். யந்திரங்கள் அவ்வப்போது புதியனவாக வாங்கப்பட்டபோதிலும், அவற்றினுள் ஓடும் கட்டளைகளில் பல ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன் எழுதப்பட்டவை. எழுதியவர்களில் அநேகர் ஓய்வு பெற்றுவிட்டனர், அநேகர் காலஞ்சென்றனர். அவர்கள் எழுதிவைத்த கட்டளைகள் மட்டும் இரவும் பகலும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

இவற்றில் பெரும்பகுதி கோபோல் என்னும் கம்ப்யூட்டர் பாஷையில் அமைந்தவை. 2017-ஆம் வருஷத்தில் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் வெளியிட்ட கணக்கின்படி, அப்போது உபயோகத்திலிருந்த கோபோல் வரிகள் சுமார் 22,000 கோடி. இப்பாஷையைப் பழைய பஞ்சாங்கம் என்று இகழ்வது இப்போது வழக்கமாகியிருக்கிறது. இதனை ஒரேயடியாகத் தூக்கியெறிய வேண்டும் என்பார் ஒரு கட்சியினர். ஓடுகிற வரையில் தொடவே கூடாது என்பார் மற்றொரு கட்சியினர். இவ்விரு கட்சியாரும், அப்பாஷை தோன்றுவதற்கு முக்கிய காரணராயிருந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் சரித்திரத்தை அறிந்துகொள்வது நலம் என்று நாம் கருதுகிறோம். வெறும் பழக்கத்தை எதிர்த்தே வாழ்நாளைக் கழித்த ஒருவரின் கைவேலை, பழக்கத்தின் கோட்டையாக மாறியது எங்ஙனம் என்பதை அச்சரித்திரம் காட்டும்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1906-ஆம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி நியூயார்க் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கிரேஸ் புரூஸ்டர் மர்ரே. ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எவ்வாறு மணியடிக்கிறது என்று அறிவதற்காக வீட்டிலிருந்த கடிகாரம் ஒன்றைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. பூட்டும் வழியைக் கண்டுபிடிக்க இன்னொன்றைக் கழற்றினார். இவ்விதம் வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் கழன்று கிடப்பதைக் கண்ட தாயார், இனி ஒரே ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று வரையறை செய்தார். தந்தையார், மகனுக்குக் கொடுக்கும் கல்வியைப் புதல்வியர்க்கும் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையுடையவர். அக்காலத்து அமெரிக்காவிலும் இது சாதாரண விஷயமன்று.

வாஸர் கலாசாலையில் கணிதமும் பௌதிகமும் பயின்று 1928-இல் பட்டம் பெற்றார். யேல் சர்வகலாசாலையில் 1930-இல் எம்.ஏ. பட்டமும், 1934-இல் கணித சாஸ்திரத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். 1930-இல் வின்ஸென்ட் ஹாப்பர் என்பவரை மணந்தார். அந்த விவாகம் 1945-இல் முடிவுற்றது; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1931 முதல் வாஸர் கலாசாலையிலேயே ஆசிரியையாக இருந்தார். யுத்தம் வந்திராவிட்டால், மாணவிகளின் நன்றிக்குரிய கணித ஆசிரியையாக மட்டுமே அவர் வாழ்ந்து மறைந்திருக்கக் கூடும்.

யுத்தமும் யந்திரமும்

1941 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்கா யுத்தத்தில் பிரவேசித்தது. அம்மையார் கப்பற்படையில் சேர விரும்பினார். வயது முப்பத்தைந்தைக் கடந்துவிட்டது. உடல் எடையோ 105 பவுண்டு. குறைந்தபட்சம் இருக்க வேண்டிய 120 பவுண்டுக்கு 15 பவுண்டு குறைவு. அவர் விசேஷ அனுமதி கேட்டுப் பெற்று, 1943 டிசம்பரில் பெண்கள் ரிஸர்வ் படையில் சேர்ந்தார். பயிற்சியில் முதலாவதாகத் தேறினார். 1944-இல் ஹார்வர்டு சர்வகலாசாலைக்கு அனுப்பப்பட்டு, ஹோவர்ட் ஐகன் என்பவரின் கீழ் வேலை ஏற்றார்.

அங்கே இருந்த மார்க் ஒன்று என்னும் கணித யந்திரம் 51 அடி நீளமும் 8 அடி உயரமும் உடையது. எடை ஏறக்குறைய 5 டன். ஒரு விநாடிக்கு மூன்று கூட்டல் செய்வதே அதன் வேகம். அதற்குரிய கட்டளைகளைக் காகித நாடாவில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். அந்த யந்திரத்தை உபயோகிக்கும் முறையை விளக்கி 561 பக்கமுள்ள புஸ்தகம் ஒன்று 1946-இல் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர்களுள் அம்மையாரே பிரதானமானவர். பிறருடைய யந்திரத்தைக் கழற்றிப் பார்த்து, அடுத்து வருபவர்களுக்காக அதன் மர்மத்தை எழுதிவைக்கும் வேலையே அவர் கம்ப்யூட்டர் துறையில் செய்த முதல் ஊழியம் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஹார்வர்டில் அவர் மற்றொன்றையும் கவனித்தார். ஒருமுறை சரியாக வேலை செய்த கட்டளைகளை அவரும் சகாக்களும் நோட்டுப் புஸ்தகங்களில் குறித்துவைத்து, வேண்டியபோது பிரதி செய்துகொள்வார்கள். பிரதி செய்யும்போது பிழை நேரும். கணித மேதைகளும் கூட்டலில் தவறினார்கள். எழுத்தை மாற்றி எழுதினார்கள். அலுப்பு மிகுந்த இந்தக் குமாஸ்தா வேலையை யந்திரத்தினிடமே ஏன் ஒப்படைக்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று.

யந்திரத்துக்கு ஒரு துபாஷி

1949-இல் அம்மையார் பிலடெல்பியாவிலிருந்த எக்கர்ட்–மாக்லி கம்பெனியில் சேர்ந்தார். யூனிவாக் என்னும் வியாபாரக் கம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்த அக்கம்பெனியை, 1950-இல் ரெமிங்டன் ராண்டு கம்பெனி விலைக்கு வாங்கியது. அங்கேதான் 1952-இல் தமது முதலாவது கம்பைலரைச் செய்து முடித்தார். கம்பைலர் என்பது என்ன? முற்காலத்தில் சென்னைப் பட்டணத்துக் கம்பெனிக்காரர்களுக்கும் நமது வியாபாரிகளுக்கும் நடுவே துபாஷிகள் இருந்தார்கள் அல்லவா? அதுபோல மனிதன் எழுதும் குறிப்பை வாங்கி, யந்திரத்துக்குரிய எண்களாக மொழிபெயர்த்துக் கொடுக்கும் துபாஷியே கம்பைலர். அக்காலத்து நிபுணர்கள் பலர் இதை நம்பவில்லை. கம்ப்யூட்டர் கணக்குப் போடுமேயன்றிக் கட்டளை எழுதாது என்பது அவர்களுடைய உறுதி.

அம்மையார் இதற்கு மேலும் ஒருபடி சென்றார். பாங்கிலும் கம்பெனியிலும் கணக்கு நடத்துகிறவர்களுக்குக் கணிதக் குறிகளில் பற்றுதல் கிடையாது. சரக்கு, விலை, சம்பளம், வரி என்ற சொற்களிலேயே அவர்கள் சிந்திக்கிறார்கள். ஆகையால் கட்டளைகளும் சாதாரண இங்கிலீஷ் வார்த்தைகளில் அமைய வேண்டும் என்றார். கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று பதில் வந்தது. அவர் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். அதோடு நில்லாமல், அதே கட்டளைகளைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதி ஓட்டிக் காட்டினார். கம்பெனி நிர்வாகிகள் திடுக்கிட்டனர். அமெரிக்காவில் செய்த யந்திரத்துக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்பது அவர்களுடைய கவலை! இனி இங்கிலீஷில் மட்டுமே செய்வதாக வாக்களித்த பிறகே வேலை முன்னே சென்றது. யந்திரத்துக்கு எந்தப் பாஷையும் தாய்ப் பாஷை அன்று. எதைத் துபாஷி மொழிபெயர்க்கிறாரோ அது புரியும். தாய்மொழியில் சாஸ்திரம் வளராது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் நமது கனவான்கள் இந்தச் சம்பவத்தைச் சற்று மனத்தில் வைப்பார்களாக.

இவ்வாறு பிறந்த ப்ளோமாடிக் என்னும் பாஷையே கோபோலுக்கு முக்கிய அஸ்திவாரமாயிற்று. 1959-ஆம் வருஷம் மே மாதத்தில், அமெரிக்க ராணுவ இலாகாவின் ஆதரவில், சர்க்கார், வியாபாரக் கம்பெனிகள், யந்திரம் செய்பவர்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் சுமார் நாற்பது பேர் பென்டகன் மாளிகையில் கூடினர். வியாபாரத்துக்கு ஒரு பொதுப் பாஷை வேண்டுமென்ற கோரிக்கையை முதலில் கிளப்பியவர் மேரி ஹாஸ் என்னும் மற்றோர் அம்மையார். பாஷையை வகுத்தது ஒரு கமிட்டி. ஹாப்பர் அம்மையார் நிர்வாகக் குழுவுக்கு ஆலோசகராயிருந்தார். கோபோல் அவர் ஒருவரே படைத்தது என்று சொல்வது மிகையாகும். அவருடைய கொள்கையும் முன்மாதிரியும் இல்லாமல் அது பிறந்திராது என்பதே நியாயமான தீர்ப்பு. 1960 டிசம்பரில், ஒரே கோபோல் கட்டளைத் தொகுதி யூனிவாக் யந்திரத்திலும் ஆர்.ஸி.ஏ. கம்பெனியின் யந்திரத்திலும் ஓடிக் காட்டியது.

இதன் பெருமையை இன்றைய வாசகர்கள் உணர்வது அரிது. அதற்குமுன் ஒரு கம்பெனி யந்திரத்தை மாற்றினால், எழுதிய கட்டளைகள் அனைத்தும் வீண். ஆகவே ஒருமுறை ஒரு வியாபாரியிடம் யந்திரம் வாங்கியவர் என்றைக்கும் அவ்வியாபாரிக்கு அடிமை. கோபோல் அந்த விலங்கைத் தறிக்க வந்த கருவி. பழைய கட்டளைகளைப் புதிய யந்திரத்துக்குக் கொண்டுசெல்லும் சங்கடத்துக்கு 1960-ஆம் வருஷத்திலேயே கண்ட பரிகாரம் அது.

பரிகாரமே பாரமானது

1964 ஏப்ரலில் ஐ.பி.எம். கம்பெனி தனது 360 வரிசை யந்திரங்களை வெளியிட்டது. சிறிய யந்திரத்தில் எழுதியது பெரிய யந்திரத்திலும் ஓடும். பின்வந்த வரிசைகளும் முன் எழுதியவற்றை மதிக்கும். இந்த ஏற்பாடு வியாபார உலகத்துக்குப் பேருதவி செய்தது. ஆனால் எதையும் திருத்தி எழுத வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று. வருஷத்துக்கு வருஷம் புதிய வரி விதி, புதிய வட்டி விதி, புதிய சலுகை என்று பழைய கட்டளைகளின் மேல் ஒட்டுப் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒட்டுப் போட்ட காரணம் போட்டவர் மனத்தில் இருந்தது; காகிதத்தில் ஏறவில்லை.

வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிய பழக்கம் இதற்கு உதாரணம். அக்காலத்துத் துளையட்டையில் எண்பது எழுத்துக்கே இடம். யந்திரத்தின் ஞாபகசக்தியும் பொன்விலை விற்றது. ஆதலால் 1965 என்பதை 65 என்று சுருக்கினார்கள். அன்றைக்கு அது சிக்கனம். முப்பது வருஷத்துக்குப் பிறகு அதுவே உலகத்தைக் கலக்கிய 2000-ஆம் வருஷத்துச் சங்கடமாயிற்று.

இவ்விடத்தில் இச்சரித்திரம் நமது தேசத்தைத் தொடுகிறது. 1974-இலேயே டாட்டா கன்சல்டன்ஸி ஸ்தாபனத்தார், ஒருவகைப் பரோஸ் யந்திரத்துக்கு எழுதப்பட்டிருந்த ஆஸ்பத்திரிக் கணக்கு முறையை வேறுவகைப் பரோஸ் யந்திரத்துக்கு ஏற்றபடி பம்பாயில் மாற்றிக் கொடுத்தனர். இரண்டும் கோபோலில் இருந்தவையே. 1978-இல் ஐ.பி.எம். கம்பெனி, அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட மனமின்றி, இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற யந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை நமது சர்க்கார் ஸ்தாபனமாகிய ஸி.எம்.ஸி. ஏற்றது. 1990-க்குப் பின், சென்னையிலும் பெங்களூரிலும் பம்பாயிலும் ஆயிரக்கணக்கான நம் இளைஞர்கள், தாங்கள் பிறக்குமுன் அந்நிய தேசத்தார் எழுதிய கோபோல் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, இரண்டு இலக்கத்தை நான்காக்கினார்கள். பிறர் வீட்டுப் பழைய கணக்கைச் சரிபார்க்கும் இந்த ஊழியத்தைச் சிலர் கூலி வேலை என்று இகழ்ந்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. எழுதியவரே மறந்துவிட்டதைப் படித்தறியும் ஆற்றல் அற்பமானதன்று. அந்த ஆற்றலை நமது சொந்த ஸ்தாபனங்களுக்கு எவ்வளவு பயன்படுத்தினோம் என்பதே கேள்வி.

மீண்டும் கப்பற்படையில்

இனி அம்மையாரின் சரித்திரத்தைத் தொடருவோம். 1966 முடிவில், அறுபது வயதில், கப்பற்படை ரிஸர்விலிருந்து ஓய்வு பெற்றார். ஏழு மாதங்களுக்கெல்லாம் சர்க்கார் அவரைத் திரும்ப அழைத்தது. கப்பற்படையின் பற்பல அலுவலகங்களில் பற்பல விதமான கோபோல் வழங்கியது. ஒவ்வொரு யந்திரக் கம்பெனியும் தன் சரக்குக்கு ஏற்றபடி பாஷையைத் திரித்துவிட்டது. பொதுப் பாஷை மீண்டும் பல கிளைப் பாஷைகளாகச் சிதறி, பழைய அடிமைத்தனம் பின்வாசல் வழியாக நுழைந்தது. ஆறு மாதத்துக்கென்று அழைக்கப்பட்ட அம்மையார், இவற்றை ஒழுங்குபடுத்துவதில் பல வருஷங்கள் ஈடுபட்டார்.

அவர் கையாண்ட முறை கவனிக்கத் தக்கது. இனி எல்லோரும் ஒரேவிதமாக எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டதோடு அவர் நிற்கவில்லை. கம்பெனிகள் விற்கும் கம்பைலர்கள் பொது விதிக்கு உட்பட்டு நடக்கின்றனவா என்று சோதிக்கும் கட்டளைத் தொகுதிகளை அவரும் அவரது குழுவினரும் தயாரித்தனர். கம்பெனிக்காரரின் வாய்மொழி அங்கே செல்லவில்லை. யந்திரத்தில் ஓட்டிப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டது.

மெயின்பிரேமே நிரந்தரம் என்றும் அவர் எண்ணவில்லை. மரத்தை இழுக்க ஒரு மாட்டுக்குச் சக்தி போதாவிட்டால், இன்னொரு மாட்டைப் பூட்டுவார்களேயன்றி, மாட்டையே பெரிதாக வளர்க்க முயல மாட்டார்கள் என்று அவர் உவமை சொல்வது வழக்கம். பெரிய யந்திரம் ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய யந்திரங்கள் பலவற்றை இணைக்க வேண்டும் என்று 1970-ஐ ஒட்டிய வருஷங்களிலேயே வற்புறுத்தினார். எப்போதும் இப்படித்தான் செய்துவருகிறோம் என்ற பேச்சை அவர் சகிப்பதில்லை. அவருடைய அலுவலகச் சுவரில் முட்கள் இடப்புறமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்று தொங்கியது. சற்றுப் பழகியபின் எவரும் அதில் மணி பார்க்க முடிந்தது.

1983-இல் கமடோராகவும், 1985-இல் ரியர் அட்மிரலாகவும் உயர்ந்தார். 1986 ஆகஸ்டு 14-ந் தேதி, பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிட்யூஷன் என்ற புராதனக் கப்பலின்மீது நடந்த வைபவத்தில் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. சேவையிலிருந்த அதிகாரிகளுள் அவரே மூத்தவர். பின்னும் வீட்டில் இருக்கவில்லை. டிஜிட்டல் எக்யுப்மென்ட் கம்பெனிக்கு ஆலோசகராயிருந்து, ஊர் ஊராகச் சென்று இளைஞர்களுக்குப் பிரசங்கம் செய்தார். 1992 ஜனவரி 1-ந் தேதி காலமானார். அவர் பெயர் தாங்கிய யுத்தக் கப்பல் ஒன்று 1997-இல் சேவையில் சேர்ந்தது.

நாம் கொள்ள வேண்டியது

அம்மையார் மறைந்த பின் நடந்த இரண்டு சம்பவங்களைக் குறிப்பிடுவோம். 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் டி.எஸ்.பி. பாங்கு, 50 லக்ஷத்துக்கு மேற்பட்ட வாடிக்கைக்காரர்களின் கணக்குகளைப் பழைய ஏற்பாட்டிலிருந்து புதியதற்கு ஒரே வார இறுதியில் மாற்றிற்று. சோதனை போதவில்லை. ஏறக்குறைய 19 லக்ஷம் பேர் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தனர். நிலைமை முற்றிலும் சீராக டிசம்பர் ஆயிற்று. 2022-இல் அந்தப் பாங்குக்கு 4 கோடியே 86 லக்ஷம் பவுனுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. இது அவசரக்காரர் கட்சியின் பலன். 2020 ஏப்ரலில், தொற்றுநோயால் வேலையிழந்த லக்ஷக்கணக்கானவர்கள் நியூஜெர்ஸி மாகாணத்தில் உதவித் தொகைக்கு மனுச் செய்தபோது, கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று கவர்னரே பகிரங்கமாக வேண்டிக்கொள்ள நேர்ந்தது. இது தொடாதவர் கட்சியின் பலன். இரண்டிலும் பட்டினி கிடந்தும் வாடகை கட்ட முடியாமலும் அவதியுற்றவர்கள் யார்? யந்திரத்தை வாங்கியவரும் அல்லர், விற்றவரும் அல்லர்.

சட்டம் பயின்றவர்களுக்கு இதில் நடுவழி தெரியும். 1860-ஆம் வருஷத்து இந்தியன் பீனல் கோடு 2024 ஜூலை 1-ந் தேதி நீங்கிப் புதிய சட்டம் வந்தபோது, பழைய சட்டத்தின்கீழ் நடந்தவை என்னாகும் என்பதற்குத் தனிப் பிரிவே எழுதப்பட்டது. எதை நீக்குகிறோம், எதைக் காக்கிறோம் என்று சொல்லாமல் எந்தச் சட்டசபையும் பழைய சட்டத்தை ரத்து செய்யாது. பழைய கம்ப்யூட்டர் கட்டளைகளும் ஒரு ஸ்தாபனத்தின் சட்டங்களே. யாருக்கு எவ்வளவு வட்டி, எந்த விதவைக்கு எவ்வளவு உபகாரச் சம்பளம் என்பதை நிர்ணயிப்பவை அவை. அவற்றைப் படிக்காமல் அழிப்பதும் தவறு. படிக்கத் தெரிந்தவர் இல்லாத நிலையில் வைத்திருப்பதும் தவறு.

ஆகவே நமது தேசத்தில் ஒரு பாங்கோ சர்க்கார் இலாகாவோ பழைய முறையை மாற்றப் போவதாக அறிவிக்கும்போது, பொதுஜன ஊழியர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். பழைய கட்டளைகளில் அடங்கிய விதிகளெல்லாம், அடுத்த தலைமுறையார் படிக்கத் தக்க பாஷையில் எழுதிவைக்கப்பட்டனவா? பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, கணக்கு ஒத்துப்போன பிறகே பழையது நிறுத்தப்படுமா? அனுபவமுள்ள பழைய ஊழியர்கள் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்து முடிக்கும்வரை வேலையில் வைக்கப்படுவார்களா? இம்மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கும்வரை, புதுமை என்ற பெயரில் நடக்கும் எந்த விளம்பரத்தையும் நம்ப வேண்டியதில்லை.

ஹாப்பர் அம்மையார் ஏழு கடிகாரங்களைக் கழற்றியது உடைப்பதற்காக அல்ல, விளங்கிக்கொள்வதற்காகவே. அந்தச் சிறுமியின் ஆவலும், பின்னாளில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்த அந்தக் கப்பற்படை அதிகாரியின் கண்டிப்பும் நமது ஸ்தாபனங்களை நடத்துகிறவர்களுக்கு வாய்க்க வேண்டும். வாய்க்காவிட்டால், அதன் நஷ்டத்தை உபகாரச் சம்பளத்துக்கு வரிசையில் நிற்கும் ஏழைகளே கொடுக்க நேரும்.